வெள்ளச்சியின் சாப்பாடும் பாரிஸ் துவானும்

போன வாரம் மாலை நடை முடிந்து திரும்பும்போது பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் என்னை வழியில் நிறுத்தினார். என்னைப் போலவே ஓய்வூதியக்காரர். அவர் மகனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு போகிறான். வீட்டில் வளரும் லாப்ரடார் நாயும் கூடப் போகிறது.

"சார், நீங்கதான் வெள்ளச்சியைப் பிரான்சுக்குக் கூட்டிட்டுப் போனவர். சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க? இவன் பத்துக் கிலோ மூட்டை ஒண்ணு வாங்கி வெச்சிருக்கான். பெட்டியில துணிக்கு அடியில போட்டுட்டா யாருக்கும் தெரியாதுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டார்.

"போடாதீர்கள். எடுத்துப் போனால் சொல்லிவிடுங்கள், சொல்ல மனமில்லை என்றால் எடுத்துப் போகாதீர்கள்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஏதோ தந்திரம் சொல்லிக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்து வந்தவர். "நாய் திங்கிற சாப்பாட்டுல கூடவா சட்டம்?" என்று சலித்துக்கொண்டு போய்விட்டார். தெருவில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். எல்லையில் பொருளை ஒளித்துக் கொண்டு போவதைப் பற்றி உபதேசம் செய்ய எனக்குத் தகுதி குறைவு. சுங்கத்தை எங்கள் வீட்டில் இன்றைக்கும் 'துவான்' என்றுதான் சொல்வோம். என் அம்மா பிறந்த ஊர் கண்டமங்கலத்துக்குப் பக்கம். அது இந்திய யூனியன். நாங்கள் இருந்தது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. பத்து மைல்கூட இல்லாத தாய்வீட்டுக்கு மாட்டு வண்டியில் போவதற்கு அம்மா ஒரு நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும். பாட்டிக்கு ஓதிகொலோன் பிடிக்கும். நான் பிறந்து சில மாதம்தான் ஆகியிருக்கும், அந்த பாட்டிலை என் இடுப்புத் துணிக்குள் சுற்றி என்னை மடியில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைத் தாண்டினாளாம். ஆக, நான் நடக்கக் கற்பதற்கு முன்பே கடத்தல்காரன். இன்றைக்கும் நம் ஊரில் கோரிமேட்டைத் தாண்டினால் காரின் பின்பக்கத்தைத் திறந்து பாட்டில் தேடுகிறார்கள். எல்லை என்றால் எதையாவது ஒளிப்பது என்பது புதுச்சேரிக்காரனுக்கு ரத்தத்திலேயே உண்டு. நண்பர் அப்படிக் கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வெள்ளச்சியைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கத்திலிருந்து என் மனைவி முந்தானையில் போட்டு எடுத்து வந்த நாட்டு நாய். மனைவி வெள்ளச்சி என்று கூப்பிட்டாள். தடுப்பூசிப் புத்தகத்தில் பெயர் எழுதும்போது நான் 'பிளான்ஷ்' என்று எழுதி வைத்தேன். அதுவும் வெள்ளை என்பதுதான், பிரெஞ்சில். ஒரே நாய்க்கு வீட்டில் ஒரு பெயர், சர்க்கார் காகிதத்தில் ஒரு பெயர். இங்கே பாதிப் பேருக்கு அப்படித்தானே.

2022 சித்திரையில் மனைவி போய்விட்டாள். பாரிசுக்குப் பக்கத்தில் சார்செல்லில் இருக்கும் மகள், "அப்பா, தனியா இருக்க வேண்டாம், வந்து கொஞ்ச நாள் இருங்க" என்று தினமும் போனில் கேட்டாள். வெள்ளச்சியை யாரிடமும் விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அப்போது பதினோரு வயது. சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கென்றே விற்கும் மருத்துவத் தீவனத்தை எழுதிக் கொடுத்தார். அதை அவள் மோந்துகூடப் பார்க்க மாட்டாள். அதன் மேல் என் மனைவி ஒரு பொடி தூவுவாள். நொய்யரிசியையும் கொஞ்சம் கோழிக் கறியையும் மஞ்சள் போட்டுக் குழைய வேகவைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்து இடித்த பொடி. உப்பு கிடையாது. ஒரு கரண்டி தூவினால் தட்டு காலியாகிவிடும். மனைவி போன பிறகு அதை நான் செய்யக் கற்றுக்கொண்டேன். முதல் இரண்டு முறை தீய்ந்துபோனது, மூன்றாவது முறை வெள்ளச்சி ஏற்றுக்கொண்டாள்.

அரசாங்கத்தில் முப்பத்தாறு வருடம் ஃபைல் கட்டியவன் நான். வெள்ளச்சிக்கும் ஒரு ஃபைல் போட்டேன். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் ஐரோப்பாவுக்கு நாயைக் கொண்டு போவது மனிதன் விசா வாங்குவதைவிடப் பெரிய வேலை. முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. வரிசை மாறிப் போட்டால் அந்த ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டு முப்பது நாளாவது கழிந்த பிறகு ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புக்கொண்ட ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். அதில் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கடைசியில் மத்திய அரசின் கால்நடை அதிகாரி தரும் சான்று. அது கைக்கு வந்த பத்து நாளுக்குள் ஐரோப்பிய மண்ணில் கால் வைத்துவிட வேண்டும். எனக்கு முன்பே வெள்ளச்சியின் ரத்தம் விமானம் ஏறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. என் விசா அதற்கும் பிறகுதான் வந்தது.

ஏழு மாதம் இப்படி ஓடியது. மூன்று அலுவலகம், இரண்டு டாக்டர், ஒரு விமான நிறுவனம். கூண்டின் நீளம் என்ன, உயரம் என்ன, தண்ணீர்க் கிண்ணம் கம்பியில் மாட்டியிருக்கிறதா என்று எல்லாம் கேட்டார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாய்க்கு அனுமதி என்றால் நாயின் சோற்றுக்கும் அனுமதிதான் என்று நினைத்துக்கொண்டேன். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை எழுதிவிடுகிறேன். குறித்துக்கொள்வது நல்லது, நாய் இல்லாதவர்களுக்கும் பயன்படும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற பயணி இறைச்சி, பால் இரண்டையும், அவற்றில் செய்த பொருள்களையும் பெட்டியில் கொண்டு வரக் கூடாது. சமைத்ததோ சமைக்காததோ, ஒன்றுதான். மனிதன் சாப்பிடவோ நாய் சாப்பிடவோ, அதுவும் ஒன்றுதான். நெய், பால்கோவா, பேடா எல்லாம் இதில் அடங்கும். விலக்கு மிகக் குறைவு. கைக்குழந்தைக்கான பால் பொடி, குழந்தை உணவு, மனிதனுக்கு உடல்நலக் காரணத்தால் தேவைப்படும் தனி உணவு, இவை ஆளுக்கு இரண்டு கிலோ வரை. வளர்ப்பு விலங்குக்கு உடல்நலக் காரணத்தால் தேவைப்படும் தனித் தீவனம் இரண்டு கிலோ வரை. அதுவும் திறப்பதற்கு முன் குளிர்பெட்டி தேவைப்படாததாக, கம்பெனி பெயரோடு அடைத்து விற்பதாக இருக்க வேண்டும். அப்போது உபயோகத்தில் இருக்கும் பொட்டலத்தைத் தவிர மற்றது பிரிக்காமல் இருக்க வேண்டும். மீனுக்கு மட்டும் தாராள மனசு, இருபது கிலோ வரை விடுகிறார்கள். செடிகொடிக்கு வேறு சட்டம். வாழைப்பழமும் தேங்காயும் தாராளமாகப் போகலாம், சான்றில்லாத கறிவேப்பிலை போக முடியாது. மகளுக்குக் கறிவேப்பிலை கட்டி எடுத்துப் போகிற அம்மாக்கள் கவனிக்க.

நான் என்ன எடுத்துப் போனேன் என்று பாருங்கள். இரண்டு கிலோ மருத்துவத் தீவனப் பை இரண்டு, டாக்டர் சீட்டோடு. ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய பொடி, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மகளுக்கு நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம். அந்த டப்பாவில் என் மனைவியின் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் கல்யாணத்துக்கு அவள் அண்ணன் கொடுத்த பாத்திரச் சீரில் ஒன்று.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு மகள் போனில் சொன்னாள், "அப்பா, துவான்ல கேட்டா சாப்பாடு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுங்க. யாரும் தோண்டிப் பாக்க மாட்டாங்க." அப்போதுதான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது. அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்? காலையில் பெங்களூருக்குக் கார் சொல்லியாகிவிட்டது. நடுவில் விமானம் மாறினால் வெள்ளச்சிக்குக் கஷ்டம் என்று அங்கிருந்து நேராகப் பாரிசுக்குப் போகும் விமானத்தில் டிக்கெட் எடுத்திருந்தேன்.

2023 மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் பாரிஸில் இறங்கினேன். கூண்டு வந்து சேர்ந்தது. வெள்ளச்சி குரைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் வாலை இரண்டு தடவை தரையில் தட்டினாள், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வருகிற நாயைத் துவானில் காட்டித்தான் ஆக வேண்டும். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதிகாரி. "போன்ழூர், முசியே" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை எடுத்து விட்டேன். அறுபது வருடம் பெட்டியில் மடித்து வைத்த கோட்டு மாதிரி இருந்திருக்கும் அவருக்கு. சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்றே நினைக்கிறேன். மைக்ரோசிப்பைக் கருவியால் படித்தார். எண் சரி. ஊசி சரி. ரத்தப் பரிசோதனை சரி. என் ஃபைலில் நிறத் தாள் ஒட்டிப் பக்கம் பிரித்திருந்ததைப் பார்த்து, "அரசாங்க வேலையில் இருந்தீர்களா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு கேட்டார், "நாய்க்கு உணவு ஏதாவது கொண்டு வந்திருக்கிறீர்களா?"

'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். பிரெஞ்சில் அது ஒரே ஒரு அசை. வாய்வரை வந்தது. ஆனால் ஏழு மாதம் ஒரு எழுத்துப் பிசகாமல் கட்டிய ஃபைல் அவர் மேசை மேல் விரிந்து கிடக்கிறது. அதன் கடைசிப் பக்கமாக ஒரு பொய்யை வைக்க எனக்குக் கை வரவில்லை. தர்மம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், குமாஸ்தா புத்தி. "வீ, மதாம்" என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியைத் திறந்தார். டாக்டர் சீட்டையும் அதற்கு நான் எழுதி வைத்திருந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் படித்தார். ஒரு பையை என் பக்கம் தள்ளினார், இன்னொரு பையை அவர் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு கிலோதான் கணக்கு. கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்தவர் மூக்கைக் கொஞ்சம் தூரமாக வைத்துக்கொண்டு "மீனா?" என்றார். ஆமாம் என்றேன். விட்டுவிட்டார். விமான நிலையத்துக்கே மணக்கும் கருவாட்டுக்கு வழி கிடைத்துவிட்டது, வாசனையே இல்லாத பொடிக்குக் கிடைக்கவில்லை.

டப்பாவைத் திறந்து "இது என்ன?" என்றார். கோழி, அரிசி, மஞ்சள் என்றேன். வீட்டில் செய்ததா என்றார். என் மனைவி செய்வது போல நான் செய்தது என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சில் இறந்தகாலத்திலேயே பல வகை. ஒரு தடவை செய்து முடித்ததற்கு ஒன்று, வழக்கமாகச் செய்துகொண்டிருந்து இப்போது நின்றுபோனதற்கு வேறொன்று. பள்ளிக்கூடத்தில் இந்த இரண்டையும் மாற்றி எழுதி நான் வாங்கிய அடிகள் கொஞ்சமல்ல. அன்றைக்கு மாறவில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மன்னியுங்கள், முசியே" என்றார். பொடியைத் தொட்டியில் கொட்டினார். டப்பாவை ஒரு காகிதத்தால் உள்ளே துடைத்து, மூடி, இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

இதில் யார் மேல் கோபப்படுவது? மருமகன் வண்டி ஓட்டிக்கொண்டே பிரெஞ்சு அதிகாரிகளைத் திட்டினார். வெந்த கோழியில் என்ன விஷம் இருக்கிறது என்றார். நானும் அன்றைக்கு முழுதும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், கொஞ்சம் படித்தும் பார்த்தேன். இப்போது சொல்கிறேன், அந்தச் சட்டம் சரி.

கோமாரி என்றால் நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் தாய்மாமன் தொழுவத்தில் வாயில் எச்சில் ஒழுக, குளம்பு வெடித்து நின்ற மாடுகளை நான் பார்த்திருக்கிறேன். நமக்கு அது வந்து போகிற நோய். பல மாடுகள் தேறிவிடும், கறவை குறையும். ஐரோப்பாவில் அப்படி இல்லை. அங்கே அந்த நோய் இல்லை, இல்லாமல் வைத்திருக்கிறார்கள். வந்துவிட்டால் நோய் கண்ட பண்ணையில் மந்தையையே கொன்றுவிடுவார்கள். 2001-ல் இங்கிலாந்தில் வந்தது. வெளிநாட்டிலிருந்து சட்டவிரோதமாக வந்த இறைச்சி, ஹோட்டல் கழிவோடு கலந்து, சரியாக வேகவைக்காமல் ஒரு பன்றிப் பண்ணைக்குப் போனதுதான் காரணமாக இருக்கும் என்று முடிவுக்கு வந்தார்கள். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். பொதுத்தேர்தலையே மே மாதத்திலிருந்து ஜூனுக்குத் தள்ளி வைத்தார்கள். கடல் தாண்டிப் பிரான்சிலும் இரண்டு இடத்தில் வந்தது. 2025 ஜனவரியில் பெர்லினுக்குப் பக்கத்தில் எருமைகளுக்கு மறுபடி வந்தபோது, 1988-க்குப் பிறகு ஜெர்மனியில் அதுதான் முதல் தடவை. நண்பரின் மகன் போகிற நாடு அது.

நாய்க்குக் கோமாரி வராதே என்று கேட்கலாம். வராதுதான். ஆபத்து நாயால் வருவதில்லை. நாய் மிச்சம் வைத்துக் குப்பையில் போடுகிற சாப்பாட்டால் வருவது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2007-ல் ஜார்ஜியா நாட்டுக்குள் வந்ததற்குக் கப்பலிலிருந்து இறக்கிய உணவுக் கழிவுதான் வழி என்று கருதுகிறார்கள். அங்கிருந்து ஐரோப்பாவுக்குள் பரவி, 2018-ல் சீனாவைப் பிடித்தது, 2020-ல் நம் அசாமுக்கும் அருணாச்சலத்துக்கும் வந்துவிட்டது. நான் கொண்டு போன பொடி நன்றாக வெந்ததுதான், வெயிலில் காய்ந்ததுதான். எனக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? என் முகத்தைப் பார்த்தா? முகத்தைப் பார்த்துச் சான்று கொடுப்பது ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று அரசாங்க அலுவலகத்தில் இருந்த எனக்குத் தெரியாதா?

நாமும் சளைத்தவர்கள் இல்லை. இந்தியாவில் 1898-லேயே கால்நடை இறக்குமதிச் சட்டம் போட்டாகிவிட்டது, இன்றும் அது உயிரோடு இருக்கிறது. நம் சுங்கப் படிவத்திலும் இறைச்சி, பால், மீன் பொருள் இருக்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. எத்தனை பேர் அதைப் படித்துவிட்டுக் குறி போட்டோம்?

துணிக்கு அடியில் ஒளித்து வைக்கச் சொல்பவர்களுக்கு இன்னொரு விஷயம். மற்றவர்கள் ஒளித்தால் தப்பிக்கலாம். நாயோடு போகிறவர் துவானில் நின்றே தீர வேண்டும். நாய் இருந்தால் சோறு இருக்கும் என்று யோசிக்கப் பெரிய மூளை வேண்டாம். அது போக, இப்போது பல நாடுகளில் பெட்டியில் இறைச்சியைக் கண்டுபிடிக்க நாய்களைத்தான் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1984 முதல் பீகிள் நாய்கள் இந்த வேலையைச் செய்கின்றன. நாயின் சாப்பாட்டைக் காட்டிக் கொடுப்பதும் நாய்தான் என்றால் யாரிடம் போய் முறையிடுவது? அகப்பட்டால் அபராதம் உண்டு. அதைவிட, அதுவரை சரியாக இருந்த நாயின் காகிதங்களையும் அதற்குப் பிறகு சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். நண்பரின் மகன் பத்துக் கிலோ தீவனத்துக்காக நாயையே பணயம் வைக்கப் பார்க்கிறான்.

ஆனால் எனக்கு ஒரு குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். ஏழு மாதம் நான் ஏறி இறங்கிய இடங்களில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "சாப்பாட்டை எடுத்துப் போகாதீர்கள், ஐயா" என்று சொல்லியிருக்கலாமே? சட்டம் ரகசியம் இல்லை. தேடினால் கிடைக்கும். ஆனால் தேட வேண்டும் என்று தெரிந்தால்தானே தேடுவோம். நாய் ஒரு துறையின் ஃபைல், நாயின் சோறு இன்னொரு துறையின் ஃபைல். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் யாருக்கும் சொந்தம் இல்லை. ஊசி போட்ட டாக்டருக்கு ஊசி தெரியும், சான்று தந்தவருக்குச் சான்று தெரியும், டிக்கெட் போட்டவருக்குக் கூண்டின் அளவு தெரியும். எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

அந்த இடம் எனக்குப் புதிது இல்லை. நானே அதில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருக்கிறேன். எண்பதுகளில் என் மேசைக்குப் பாகூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருவார். கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்தவர். முதல் தடவை மூன்று காகிதம் கேட்டேன், கொண்டு வந்தார். அடுத்த பிரிவில் நான்காவது ஒன்று கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அது என் பிரிவின் வேலை இல்லை என்பதால் சொல்லவில்லை. அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். கொண்டு வந்தார். அதற்குள் நான் கொடுத்த ஒன்று காலாவதி ஆகிவிட்டது, மறுபடி அனுப்பினேன். மூன்றாவது தடவை வந்தவர் சண்டை போடவில்லை. "மொதல்லியே எல்லாத்தையும் சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு நாள் கூலி மிச்சமாயிருக்கும், ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். பாரிஸில் அந்தத் தொட்டியின் முன்னால் நின்றபோது அந்த அம்மாவின் குரல்தான் எனக்குக் கேட்டது. முப்பத்தைந்து வருடம் கழித்து என் முறை வந்திருக்கிறது என்று தோன்றியது.

கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. நாய்க்குச் சான்று கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் ஒரு வரி போதும். 'உணவு எடுத்துச் செல்வதாக இருந்தால், போய்ச் சேரும் நாட்டின் விதியைப் பார்க்கவும்' என்று. தமிழிலும் எழுதினால் புண்ணியம். டாக்டர்கள் தங்கள் சீட்டில் தீவனத்தின் பெயரோடு எதற்காக அது என்பதையும் எழுதித் தரலாம். எனக்கு ஒரு பையாவது தப்பியது அந்தச் சீட்டால்தான்.

சார்செல்லில் முதல் இரண்டு நாள் வெள்ளச்சி தண்ணீர் மட்டும் குடித்தாள். விட்டு வைத்த பையிலிருந்து போட்டால் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சிறுநீரகம் கெட்ட நாய் பட்டினி கிடக்கக் கூடாது. மகள் அந்த ஊர்க் கடையில் கிடைத்த நாலு வகை டின்னைத் திறந்து வைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. "நான் சொன்ன மாதிரி இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல, அப்பா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டாள். பிறகு அவளே அழுதாள். எனக்கும் அந்த இரண்டு ராத்திரியும் தூக்கம் இல்லை. நான் உண்மை சொன்னதற்கு ஒரு வாயில்லாச் சீவன் பட்டினி கிடக்கிறதே என்று புரண்டு புரண்டு படுத்தேன். சட்டம் சரி என்று மேலே எழுதியிருக்கிறேனே, அன்றைய ராத்திரியில் யாராவது வந்து அதை என்னிடம் சொல்லியிருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருப்பேன்.

மூன்றாம் நாள் மகள் கருவாடு வறுத்தாள். கட்டிடமே மணந்தது. மேல் மாடிக்காரர் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. வெள்ளச்சி எழுந்து மெல்ல அடுக்களைக்கு வந்து மகளின் காலடியில் உட்கார்ந்தாள். மீன் கடை ஓரத்தில் பிறந்தவள் அல்லவா. டாக்டர் இதைப் படிக்க நேர்ந்தால் மன்னிக்க வேண்டும். நகக்கண் அளவு நெத்திலியை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, உதிர்த்து, அந்தத் தீவனத்தின் மேல் போட்டேன். சாப்பிட்டாள். அன்று மாலையே மகளும் நானும் கடைக்குப் போய் அந்த ஊர்க் கோழியும் அரிசியும் வாங்கி வந்தோம். மார்ச் மாதத்தில் அங்கே வெயில் ஏது, அடுப்புக்குள் வைத்துத்தான் காயவைத்தோம். அந்த டப்பாவிலேயே போட்டு வைத்தோம். முதலில் பொடியை முகர்ந்து யோசித்தாள், பிறகு தட்டை நக்கி முடித்தாள்.

நண்பரின் மகனுக்கு என் யோசனை இதுதான். இன்னும் மூன்று மாதம் கையில் இருக்கிறது. ஜெர்மனியில் கிடைக்கிற தீவனம் எதுவோ, அதையே இங்கேயும் வாங்கி இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கட்டும். ஒரு வாரத்தில் மாற்றினால் வயிற்றைக் கட்டாது. போய்ச் சேர்கிற அன்றைக்கு ஒரு பை அங்கே வீட்டில் தயாராக இருக்கும்படி யாரிடமாவது சொல்லி வைக்கட்டும். விமானம் ஏறுவதற்கு முன் இங்கேயே கடைசி வேளையைக் கொடுத்துவிடலாம். அவன் நாய்க்கு நோய் எதுவும் இல்லை, அதனால் இரண்டு கிலோ விலக்கும் அவனுக்குக் கிடையாது. அந்தப் பத்துக் கிலோ மூட்டையை எங்கள் தெரு நாய்களுக்குப் போட்டால் வாலாட்டி வழியனுப்பும்.

என் விசா முடிந்து நான் திரும்பி வந்துவிட்டேன். வெள்ளச்சி வரவில்லை. இன்னொரு தடவை அவளைக் கூண்டில் ஏற்ற டாக்டர் வேண்டாம் என்றார். என் பேத்தி அவளை 'பிளான்ஷ்' என்றுதான் கூப்பிடுகிறாள், சர்க்கார் பெயர் அங்கே வீட்டுப் பெயராகிவிட்டது. வீடியோவில் காட்டும்போது நான் "வெள்ளச்சி" என்றால் காது மட்டும் நிமிர்கிறது. பொடி செய்வது இப்போது பேத்தியின் வேலை. அடுத்த மாதம் மறுபடி போகிறேன். மகள் பட்டியல் அனுப்பியிருக்கிறாள். நெத்திலி ஒரு கிலோ, வஞ்சிரக் கருவாடு அரைக் கிலோ. நெய் வேண்டும் என்றும் எழுதியிருந்தாள், அதை நான் அடித்துவிட்டேன்.